இறந்திருக்க வேண்டாதவர்கள்

நெடுஞ்சாலையொன்றிலே மோட்டார் சைக்கிளும் பாரவண்டியும் மோதிக்கொள்கின்றன. வீழ்ந்து கிடக்கும் இளைஞனைச் சுற்றிக் கூட்டம் கூடுகின்றது. ஒருவர் செம்பிலே தண்ணீர் கொண்டு ஓடிவந்து அவன் வாயில் ஊற்றுகின்றார். மற்றொருவர் அவ்வழியே வந்த முச்சக்கர வண்டியை மறிக்கின்றார். நால்வர் சேர்ந்து கையிலும் காலிலும் பற்றித் தூக்கி, பின்னாசனத்திலே மடக்கி இருத்தி அனுப்பிவைக்கின்றனர். வைத்தியசாலையை அடையுமுன்னரே உயிர் பிரிந்துவிடுகின்றது. “அவன் விதி அவ்வளவுதான், யார் என்ன செய்யலாம்?” என்று கூறிக்கொண்டு கூட்டம் கலைகின்றது.

இத்தகைய காட்சியைக் காணாத ஊர் இலங்கையிலே இல்லையெனலாம். வீதி விபத்துகளினால் மாத்திரம் இந்நாட்டில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் மாள்கின்றனர். பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் வீழ்வோரும், கட்டடச் சாரத்திலிருந்து வீழ்வோரும், இயந்திரத்தில் அகப்படுவோரும் இத்தொகையிற் சேராதவர்கள். இவர்களுள் எத்தனை பேர் எவ்வகைச் சிகிச்சைக்கும் அப்பாற்பட்ட காயத்தினால் இறந்தனர்? எத்தனை பேர் உரிய வேளையில் உரிய உதவி கிடைத்திருப்பின் இன்றும் உயிருடன் இருந்திருப்பர்? விதியென்று கூறி விலகுவோர் இவ்வினாவை எழுப்புவதில்லை. ஆயினும், இவ்வினாவை நேர்மையுடன் எழுப்பி, இறந்தோரை எண்ணிப் பார்த்து, விடை காண முயன்ற இடங்களிலெல்லாம் படுகாயமடைந்தோருக்குரிய சிகிச்சை முறை உயர்ந்துவந்திருக்கின்றது. கடந்த இரு நூற்றாண்டுக்கால வரலாறு இதற்குச் சான்று பகரும்.

அவ்வரலாற்றைக் காண்பதற்கு முன்னர், படுகாயமடைந்தவர் எதனால் இறக்கின்றார் என்பதை அறிந்துகொள்வது அவசியம். அறிவிழந்து மல்லாந்து கிடப்பவருடைய நாக்கு பின்னோக்கிச் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். குருதியும் வாந்தியும் அங்கே தேங்கும். மூளைக்குப் பிராணவாயு செல்லாது சில நிமிடங்கள் கழிந்தாலே மீளாத சேதம் உண்டாகிவிடும். விலாவென்பு முறிந்து நுரையீரலிலே துளை விழுந்தால், அதன்வழி வெளியேறும் காற்று நெஞ்சறையினுள் அடைபட்டு, நுரையீரலையும் இருதயத்தையும் நெருக்கிக் கொல்லும். இவற்றுக்கு அடுத்தது குருதிப் பெருக்கு. வளர்ந்த ஒருவருடைய உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதி உண்டு. அதில் ஐந்தில் இரண்டு பங்கு வெளியேறிவிட்டால் உயிர் ஊசலாடத் தொடங்கும். குருதி வெளியே சிந்தினால்தான் ஆபத்து என்பதில்லை. தொடையென்பு முறிந்தவருக்கு ஒரு துளியும் வெளியே தெரியாமல் ஒரு லீற்றருக்கு மேற்பட்ட குருதி தசையினுள்ளே சேர்ந்துவிடக்கூடும். வயிற்றறையினுள்ளே அதனினும் மிகுதியாகச் சேரும். குருதியை இழந்த உடம்பு குளிர்ந்துபோகின்றது. குளிர்ந்த குருதி உறையும் ஆற்றலை இழக்கின்றது. உறையாத குருதி மேலும் ஒழுகுகின்றது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் சுழலிலே அகப்பட்ட உயிரை மீட்பதற்குக் கிடைக்கும் காலம் மிகச் சிறிது.

ஆகவே, காயத்தின் கொடுமையைப்போலவே காலமும் ஒழுங்கும் உயிரை நிர்ணயிக்கின்றன. இவ்வுண்மையைச் செயலிற் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர், பிரான்சு தேசத்து நெப்போலியனுடைய படையிலே சத்திரவைத்தியராக விளங்கிய டொமினிக் லாரே என்பவர். அவர் காலம்வரை, போரில் வீழ்ந்தவர்கள் போர் முடியும்வரை களத்திலேயே கிடப்பது வழக்கம். காயமடைந்தோரை ஏற்றும் வண்டிகள் களத்துக்கு வெகு தொலைவில் நிறுத்தப்பட்டிருந்தன. அவை வந்து சேரும்போது ஏற்றுவதற்குரியவருட் பலர் பிணமாகிவிடுவர். லாரே 1790களிலே, குதிரை பூட்டிய இலேசான வண்டிகளை அமைத்து, போர் நடந்துகொண்டிருக்கும்போதே களத்தினின்று வீரர்களை எடுத்துவரச் செய்தார். அவை பறக்கும் வண்டிகள் என்று பெயர் பெற்றன. அவர் வகுத்த மற்றொரு விதி அதனினும் சிறப்புடையது. யாருடைய காயம் கொடியதோ அவருக்கே முதலிற் சிகிச்சை. அவர் தளபதியா, சாதாரண வீரனா, நம்மவனா, பகைவனா என்ற பேதம் கூடாது. பதவியும் குலமும் எல்லாவற்றிலும் முந்திய ஒரு காலத்திலே, காயத்தின் தன்மையே வரிசையைத் தீர்மானிக்க வேண்டுமென்பது பெரும் புரட்சியெனலாம். இன்று உலகெங்குமுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுகளில், வருவோரைத் தரம் பிரித்து, யாரை முதலிற் கவனிப்பது என்று முடிவு செய்யும் முறைக்கு அவ்விதியே ஆணிவேராகும்.

முதலாம் உலக மகாயுத்தம் மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. யாழ்ப்பாணத்திலே முறிவு நெரிவு வைத்தியப் பரம்பரைகள் இருப்பதுபோல, வேல்சு நாட்டிலும் அத்தகைய பரம்பரையொன்று இருந்தது. அதிலே தோன்றி, ஆங்கில வைத்தியமும் முறையாகக் கற்று, லிவர்பூல் நகரத்து ஏழைத் தொழிலாளருக்குச் சிகிச்சை செய்தவர் ஹியூ ஓவன் தோமஸ். காலை நீட்டி அசையாது தாங்கிப் பிடிக்கும் எளிய இரும்புச் சட்டமொன்றை அவர் உருவாக்கினார். அவர் வாழ்ந்த காலத்தில் பெரிய வைத்தியர்கள் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. 1891 ஆம் ஆண்டிலே அவர் காலமானார். கால் நூற்றாண்டு கழிந்தது. பிரான்சின் போர்க்களங்களிலே தொடையென்பு முறிந்த வீரர்களுள் நூற்றுக்கு எண்பது பேர்வரை இறந்தனர் என்று அக்காலக் குறிப்புகள் கூறும். முறிந்த என்பு முனைகள் தூக்கிச் செல்லும்போது ஒவ்வோர் அசைவிலும் தசையைக் கிழித்துக் குருதியைப் பெருக்கின. தோமஸின் உறவினரும் மாணவருமான ரொபேட் ஜோன்ஸ் அச்சட்டத்தைப் படையினரிடையே பரப்பினார். களத்திலேயே, காற்சட்டையையும் சப்பாத்தையும் கழற்றாமலே, கண்ணை மூடிக்கொண்டும் கட்டத்தக்கவாறு காவுவோருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 1917 ஆம் ஆண்டு அராஸ் என்னுமிடத்திலே நடந்த போரில் இவ்வாறு சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை எண்ணிப் பார்த்தபோது, இறந்தோர் தொகை நூற்றுக்கு 16 ஆகக் குறைந்திருந்தது. அந்த இரும்புச் சட்டம் புதியதன்று. நாற்பது ஆண்டுக்கு முன்னரே இருந்தது. அதனை உரிய இடத்தில், உரிய நேரத்தில், உரிய பயிற்சியுடன் பயன்படுத்தும் ஏற்பாடே புதியது.

உயிரைக் காப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பதையும் யுத்தமே உணர்த்தியது. முள்ளந்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்கள், முன்னாளிலே படுக்கைப் புண்ணினாலும் சிறுநீர்த் தொற்றினாலும் சில மாதங்களில் அல்லது ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடுவர். அவர்களை மரணத்துக்குக் காத்திருப்போராகவே வைத்தியர்களும் கருதினர். ஜெர்மனியிலிருந்து அகதியாக இங்கிலாந்து சென்ற லுட்விக் குட்மன் என்ற யூத வைத்தியர், 1944 ஆம் ஆண்டில் ஸ்டோக் மண்டெவில் வைத்தியசாலையில் அத்தகையோருக்கான பிரிவைப் பொறுப்பேற்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளரையும் இரவு பகலாகப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளைகளுள் முதன்மையானது. அதிலே அரிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ இல்லை. தாதியரின் கையும் கடிகாரமும் தளராத ஒழுங்குமே இருந்தன. மரணத்துக்குக் காத்திருந்தோர் வாழத் தொடங்கினர். 1948 ஆம் ஆண்டு இலண்டனில் ஒலிம்பிக் விளையாட்டு தொடங்கிய அதே நாளில், அவருடைய நோயாளர் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் ஈடுபட்டனர். இன்றைய மாற்றுத் திறனாளிகள் ஒலிம்பிக் விழா அங்கிருந்தே வளர்ந்தது. மரத்தினின்று வீழ்ந்து முள்ளந்தண்டு முறிந்த தொழிலாளி எவரையும் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடுவோர் இவ்வரலாற்றை நினைவு கூர்தல் நன்று.

யுத்த காலத்திலே கற்ற பாடங்கள் சமாதான காலத்திலே மறக்கப்படுவது உலக வழக்கம். ஐக்கிய அமெரிக்காவிலேயே அந்நிலைமை இருந்தது என்பதை ஒரு குடும்பத்தின் துயரம் வெளிப்படுத்திற்று. நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரிலே என்புச் சத்திரவைத்தியராக இருந்தவர் ஜேம்ஸ் ஸ்டைனர். 1976 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆம் நாள், மனைவியுடனும் நான்கு பிள்ளைகளுடனும் தாமே சிறிய விமானமொன்றைச் செலுத்திவந்தபோது, இரவிலே அது நாட்டுப்புற வயலொன்றில் வீழ்ந்தது. மனைவி அவ்விடத்திலேயே இறந்தார். பிள்ளைகளுள் மூவர் அறிவிழந்து கிடந்தனர். தாமும் காயமுற்றிருந்த ஸ்டைனர், கடுங்குளிரிலே பிள்ளைகளைத் தம்மால் இயன்றவாறு காத்துக்கொண்டு மணிக்கணக்காகக் காத்திருந்து, எவரும் வராமையால் தாமே வீதிக்குச் சென்று வாகனமொன்றை மறித்து, அண்மையிலிருந்த சிறு வைத்தியசாலையை அடைந்தார்.

அங்கே அவர் கண்டது அவரைத் திடுக்கிடச் செய்தது. அங்கிருந்தோர் கொடியவர்களல்லர்; சோம்பேறிகளுமல்லர். படுகாயமடைந்த குழந்தையிடம் எதை முதலிற் பார்ப்பது, எதை அடுத்துச் செய்வது என்று அவர்களுக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை. தலையில் அடிபட்ட பிள்ளையின் கழுத்தென்பு முறிந்திருக்கக்கூடும் என்ற எண்ணமேயின்றித் தூக்கினர். தம் ஊருக்குத் திரும்பிப் பிள்ளைகள் தேறிய பின்னர், ஸ்டைனர் குறைகூறுவதோடு அமையவில்லை. நாட்டுப்புற வைத்தியர்களுக்குப் படுகாயச் சிகிச்சையின் முதற்படிகளைக் கற்பிக்கும் வகுப்பொன்றை நண்பர்களுடன் சேர்ந்து வகுத்தார். 1978 ஆம் ஆண்டில் அது நெப்ராஸ்காவிலேயே முதன்முதல் நடத்தப்பட்டது. 1980 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சத்திரவைத்தியர் கல்லூரி அதனை ஏற்றுக்கொண்டது. இன்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலே அது கற்பிக்கப்படுகின்றது.

அவ்வகுப்பின் சாரம் ஓர் அரிச்சுவடியே. ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஐந்து எழுத்துகளைக்கொண்டு அதன் ஐந்து படிகளும் மனத்திற் பதிக்கப்படுகின்றன. முதலாவது, கழுத்தை அசையாது காத்துக்கொண்டு சுவாசப் பாதையைத் திறத்தல். இரண்டாவது, சுவாசம் இரு பக்கமும் செவ்வனே நிகழ்கின்றதா என்று பார்த்துக் குறை தீர்த்தல். மூன்றாவது, குருதிப் பெருக்கைத் தடுத்துச் சுற்றோட்டத்தைக் காத்தல். நான்காவது, மூளையின் நிலையை அறிதல். ஐந்தாவது, உடைகளை நீக்கி மறைந்த காயங்களைத் தேடுதலும், உடனே போர்த்து உடம்பைக் குளிரவிடாது காத்தலும். ஒரு படியிலே குறை கண்டால் அதைத் தீர்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். வெளித்தோற்றத்திற் கொடியதாகத் தெரியும் கால் முறிவு, கண்ணுக்குத் தெரியாத சுவாச அடைப்புக்கு முந்திவிடலாகாது. உயிரை முதலிற் பறிப்பதெதுவோ அதுவே முதலிற் கவனிக்கப்படல் வேண்டும்.

இங்கே தமிழ் கற்றோருக்கு ஒரு ஐயம் எழலாம். நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தீர்க்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயலில் இறங்க வேண்டும் என்பது திருவள்ளுவர் வகுத்த நெறியன்றோ? நோய் இன்னதென்று முற்றாக அறியுமுன்னரே சிகிச்சையைத் தொடங்கு என்னும் இப்புதிய முறை அதற்கு மாறுபட்டதன்றோ? மாறுபட்டதன்று. மருந்து என்ற அதே அதிகாரத்திலே, நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் கருதச் சொன்ன புலவர், காலத்தையும் கருதவேண்டுமென்று உடன் கூறியிருக்கின்றார். மெல்ல வளரும் நோய்க்கு ஆராய்ச்சி முன்னும் சிகிச்சை பின்னும் வரலாம். நிமிடங்களிற் கொல்லும் காயத்துக்கு அவ்வரிசை பொருந்தாது. அங்கே செய்துகொண்டே ஆராய்தல் வேண்டும்.

தனி வைத்தியர் திருந்தினாற் போதுமா? போதாது என்பதை இங்கிலாந்தின் அனுபவம் காட்டுகின்றது. வைத்தியத் துறையிலே மிக முன்னேறிய அந்நாட்டில், நோயாளரின் இறப்புகளை ஆராயும் தேசிய விசாரணைக் குழுவொன்று 2007 ஆம் ஆண்டில் படுகாயமடைந்தோருக்குக் கிடைத்த சிகிச்சையை ஒவ்வொன்றாகப் பரிசீலித்தது. ஆராயப்பட்டோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேருக்குக் கிடைத்த சிகிச்சை நல்ல தரத்துக்குக் குறைந்ததாகவே இருந்தது என்று அது வெளிப்படையாக அறிக்கையிட்டது. அனுபவமிக்க வைத்தியர் இரவில் இல்லாமை, தலையைப் படம்பிடிப்பதிற் தாமதம், உரிய சத்திரவைத்தியர் இல்லாத வைத்தியசாலைக்கே நோயாளரைக் கொண்டுசெல்லல் முதலியன குறைகளாகக் காணப்பட்டன. 2010 ஆம் ஆண்டில், அரசாங்கப் பணம் எவ்வாறு செலவாகின்றது என்று பார்க்கும் தேசிய கணக்காய்வு அலுவலகமே இவ்விடயத்தை ஆராய்ந்து, சிகிச்சை ஒழுங்குற அமைந்தால் ஆண்டுதோறும் 450 முதல் 600 உயிர்கள்வரை மேலதிகமாகக் காக்கலாம் என்று கணித்தது. பணத்தை எண்ணுவோர் உயிரையும் எண்ணத் தொடங்கியது வரவேற்கத்தக்க மாற்றமன்றோ!

எண்ணிக்கை வெளிவந்த பின்னர் செயல் பிறந்தது. 2010 ஆம் ஆண்டில் இலண்டனிலும், 2012 ஆம் ஆண்டில் இங்கிலாந்து முழுவதிலும், படுகாயச் சிகிச்சைக்கான வலையமைப்புகள் ஏற்படுத்தப்பட்டன. எல்லா வகை வல்லுநரும் இரவு பகலாக ஆயத்தமாக இருக்கும் பெரிய நிலையங்கள் தெரிவு செய்யப்பட்டன. மிகக் கொடிய காயமுடையோரை, அருகிலுள்ள வைத்தியசாலையைக் கடந்தேனும், நேரே அந்நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் அதிகாரம் வண்டியில் வருவோருக்கு வழங்கப்பட்டது. அருகிலுள்ளதே நல்லது என்று எண்ணுவது மனித இயல்பு. தம் ஊர் வைத்தியசாலையைக் கடந்து நோயாளர் செல்வதை ஊரவரும் விரும்பார், அவ்வைத்தியசாலையாரும் விரும்பார். ஆயினும், 1,10,000க்கும் மேற்பட்ட நோயாளரின் விபரங்களை ஆராய்ந்து 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, உயிர்தப்புவதற்கான சாதக விகிதம் இம்மாற்றத்தை ஒட்டிய ஆண்டுகளில் 19 வீதம் உயர்ந்ததாகக் காட்டியது. ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுத்ததனால் ஊரவரின் உயிர் காக்கப்பட்டது.

இத்தகைய அமைப்புகள் செல்வ நாடுகளுக்கே சாத்தியம் என்று சோர்வடைய வேண்டியதில்லை. ஜப்பானியப் பெண்மணியொருவரின் உழைப்பு இதற்கு நல்ல உதாரணம். உத்தாகோ ஒக்கமோட்டோ என்ற அவ்வாராய்ச்சியாளர், யுத்தத்தினால் வறுமையுற்ற ஜப்பானிலே, மகப்பேற்றின்போது குருதிப் பெருக்கினால் மாளும் தாய்மாரைக் காக்க விரும்பி, கணவருடன் சேர்ந்து பல ஆண்டுகள் முயன்று, 1962 ஆம் ஆண்டில் டிரனெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைக் கண்டறிந்தார். உறைந்த குருதிக் கட்டி கரைந்துபோகாது காப்பது அதன் தொழில். மலிவான அம்மருந்து படுகாயமடைந்தோருக்கு உதவுமா என்று 40 நாடுகளில், 274 வைத்தியசாலைகளில், 20,211 நோயாளரிடத்திலே ஆராய்ந்து, 2010 ஆம் ஆண்டில் முடிவு வெளியிடப்பட்டது. மருந்து பெறாத ஆயிரம் பேரில் 160 பேர் இறந்த இடத்தில், பெற்ற ஆயிரம் பேரில் 145 பேரே இறந்தனர். ஆயிரவருள் பதினைந்து பேர் என்பது சிறு தொகைபோலத் தோன்றலாம். அப்பதினைவரின் தாய்மாருக்கு அது சிறு தொகையன்று. அடுத்த ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இப்பயன்பாட்டுக்கும் இடமளித்தது. ஆனால், அதே ஆராய்ச்சி மற்றோர் உண்மையையும் உரைத்தது. காயமுற்று மூன்று மணி நேரத்துள் கொடுத்தால் அம்மருந்து நன்மை செய்யும். அதற்குப் பின் கொடுத்தாலோ தீங்கே விளையக்கூடும். மருந்து கையில் இருந்தாற் போதாது. நோயாளர் நேரத்தில் வந்துசேரவும் வேண்டும்.

இனி இலங்கையின் நிலைமையை நோக்குவோமாயின், நம்பிக்கைக்கு இடமுண்டு. இலவச வைத்தியம் இந்நாட்டின் பெருஞ்செல்வம். வைத்தியசாலை அடைந்தபின் பணமில்லை என்று திருப்பி அனுப்பப்படும் கொடுமை இங்கே அரசாங்க வைத்தியசாலைகளில் இல்லை. நெடுங்காலமாக இருந்த குறை, வீதிக்கும் வைத்தியசாலைக்கும் இடையிலே இருந்தது. விபத்து நடந்த இடத்துக்குப் பயிற்சி பெற்றவர் செல்லும் ஏற்பாடு நாடளாவிய ரீதியில் இருக்கவில்லை. 2016 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இந்திய அரசாங்கத்தின் நன்கொடையாகக் கிடைத்த 88 நோயாளர் காவு வண்டிகளுடன், மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் சுவசெரிய என்னும் சேவை தொடங்கிற்று. 2018 ஆம் ஆண்டு யூலையில் அது யாழ்ப்பாணத்திலே தொடங்கிவைக்கப்பட்டு வட மாகாணத்துக்கும், பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால், கட்டணமின்றி, பயிற்சி பெற்ற உத்தியோகத்தருடன் வண்டி வருகின்றது. லாரேயின் பறக்கும் வண்டி இந்நாட்டு வீதிகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது எனலாம்.

வண்டி வந்தபின்னும் செய்யவேண்டியவை சில உள. ஒவ்வொரு வைத்தியசாலையிலும், படுகாயமடைந்து வந்தவர் எப்போது வந்தார், யார் பார்த்தார், எத்தனை நிமிடத்திற் குருதி ஏற்றப்பட்டது, எப்போது சத்திரசிகிச்சை நடந்தது, என்ன முடிவு ஏற்பட்டது என்பன ஒரே முறையிற் பதியப்படுதல் வேண்டும். இறந்தவர் ஒவ்வொருவரைப் பற்றியும் வைத்தியரும் தாதியரும் கூடியிருந்து, இவர் இறந்திருக்க வேண்டியவரா என்று கேட்டல் வேண்டும். அக்கூட்டம் குற்றவாளியைத் தேடும் நீதிமன்றமாதல் கூடாது. தண்டனைக்கு அஞ்சுவோர் தவற்றை மறைப்பர். மறைத்த தவறு மறுநாளும் நிகழும். பள்ளிக்கூடத்திலே பிள்ளையின் கணக்கிற் பிழை கண்ட நல்லாசிரியர் பிரம்பை எடுப்பதில்லை. எந்தப் படியிலே பிழைத்தது என்று பிள்ளையுடன் சேர்ந்து தேடுகின்றார். வைத்தியசாலைக்கும் அதுவே நன்னெறியாகும்.

முதல் நிமிடங்களோ வைத்தியர் கையில் இல்லை. பக்கத்தில் நிற்பவர் கையிலேயே இருக்கின்றன. அவருக்குக் கற்பிப்பது யார்? ஈழத்துத் தமிழருக்கு இதில் ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்க மிசன் வைத்தியராக 1847 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழிலேயே ஆங்கில வைத்தியத்தைக் கற்பித்தார்; இரண வைத்தியம் என்ற பெருநூலை 1867 ஆம் ஆண்டில் தமிழிலே வெளியிட்டார். காயத்துக்குக் காரமருந்திட்டுக் கிருமியைத் தடுக்கலாம் என்று ஜோசப் லிஸ்டர் பிரித்தானியாவில் உலகுக்கு அறிவித்ததும் அதே ஆண்டிலேயே. மக்களுடைய மொழியிலே கற்பித்தாலன்றி வைத்திய அறிவு மக்களைச் சென்றடையாது என்பது கிறீனுடைய கொள்கை. ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் அக்கொள்கை பழமைப்படவில்லை.

பாடசாலைப் பிள்ளைகளும், பேருந்துச் சாரதிகளும், முச்சக்கர வண்டி ஓட்டுநரும், சனசமூக நிலையத்து இளைஞரும் கற்கவேண்டியவை மிகச் சில. முதலில் 1990ஐ அழைத்தல் வேண்டும். குருதி பெருகும் இடத்தைச் சுத்தமான துணியினால் அழுத்திப் பிடித்தல் வேண்டும், எடுத்தெடுத்துப் பார்க்கலாகாது. கோப்பித் தூளும் சுண்ணாம்பும் காயத்துக்கு மருந்தல்ல. அறிவிழந்தவர் வாயிலே தண்ணீரோ சோடாவோ ஊற்றலாகாது. தாகம் தீர்ப்பதாக எண்ணிச் சுவாசத்தை அடைத்துவிடுவதாகும். நெருப்போ வேறு ஆபத்தோ நெருங்கினாலன்றி, வீழ்ந்தவரைக் கையிலும் காலிலும் பிடித்து இழுக்கலாகாது. தலையையும் கழுத்தையும் அசையாமல் ஏந்திப் பிடித்தல் வேண்டும். வண்டி வரும்வரை துணியினாற் போர்த்தி, அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டு பக்கத்திலே இருத்தல் வேண்டும்.

தொடக்கத்திற் கண்ட வீதிக்கு மீண்டும் செல்வோமாக. அதே இளைஞன் வீழ்ந்து கிடக்கின்றான்; அதே கூட்டம் கூடுகின்றது. ஆனால், செம்பு கொண்டு ஓடிவந்தவர் அதை ஒரு புறம் வைத்துவிட்டு, தோளிற் கிடந்த சால்வையை மடித்துத் தொடைக் காயத்தின்மீது அழுத்துகின்றார். பாடசாலை மாணவியொருத்தி அவன் தலைப்பக்கம் முழந்தாளிட்டுக் கழுத்தை அசையாது பிடித்திருக்கின்றாள். மற்றொருவர் 1990 ஐ அழைத்து, எந்தச் சந்தி, எந்தக் கோயிலுக்கு அருகே என்று தெளிவாகக் கூறுகின்றார். அவ்விளைஞன் பிழைப்பானா என்று எவரும் உறுதி கூற இயலாது. காயம் கொடிதாயின் அவன் இறக்கவும் கூடும். ஆயின் அன்று கலையும் கூட்டம், செய்யக்கூடியதைச் செய்தோம் என்ற மனத்துடன் கலையும். வைத்தியசாலையிலும், அடுத்தவன் பிழைக்க என்ன செய்யலாம் என்று அவனுடைய பதிவேட்டைத் திறந்து வைத்து ஆராய்வோர் இருப்பர்.